குளிரூட்டியா, குளிர்மமா? கார் ஏசி பழுதுபார்ப்புக்கான சொற்கள் குறித்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்காக நான் எழுதிவரும் மோட்டார் வாகனக் கையேட்டின் நான்காம் இயல், கார் ஏசியின் பழுதைக் கண்டறிந்து நீக்குவதைப் பற்றியது. அவ்வியலுக்கான சொற்பட்டியலைச் சென்ற வாரம் இங்கே இட்டிருந்தேன். அதில், ஏசிக்குள் சுற்றிவந்து வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் பொருளான ‘ரெஃப்ரிஜரன்ட்’ என்பதற்கு நேராக நான் எழுதியிருந்த ‘குளிரூட்டி’ என்னும் சொல்லை நண்பர்கள் சிலர் ஏற்றார்கள். ஒருவர் ‘குளிர்வாயு’ என்று மாற்றச் சொன்னார். இன்னொருவர் ‘குளிர்பதனப் பொருள்’ என்பதே போதும் என்றார். அனைவருக்கும் நன்றி. ‘குளிரூட்டி’ என்ற சொல்லை இப்போது நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கையேட்டின் வரைவில் “குளிரூட்டியின் அளவைச் சரிபார்த்து, குறைந்திருந்தால் கசிவைத் தேடுக” என்று ஒரு வரி இருந்தது. இரண்டு மாணவர்களிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, அதில் உள்ளபடி செய்யச் சொன்னேன். ஒருவர் ஏசியின் அழுத்தத்தை அளக்கும் கேஜைத் தேடி எடுத்தார். மற்றவர் நேராக ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். அவர்மேல் குற்றமில்லை. என்ஜினைச் சுற்றி ஓடும் ‘கூலன்ட்’ நீர்மத்தையும் தமிழில் குளிரூட்டி என்றே எழுதுகிறோம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஏசிக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். மற்ற இடங்களில் இந்த மூன்றும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. காரின் முன்மூடியைத் திறந்தால் மூன்றும் ஒரு முழ தூரத்துக்குள் இருக்கின்றன. ஓடி நின்ற என்ஜினின் ரேடியேட்டரில் நீர்மம் 90 டிகிரிக்கு மேல், அழுத்தத்தில் இருக்கும். மூடியைத் திறந்தால் கையும் முகமும் வெந்துபோகும். அன்று என்ஜின் ஆறியிருந்ததால் ஒன்றும் நேரவில்லை. ஆனாலும் என் ஒரு சொல்லால் அந்தக் கை அங்கே போனதை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

ஆகவே மூன்று பொருள்களுக்கும் மூன்று சொற்கள் வேண்டும். இதற்கான வழி நம் அடுக்களைத் தமிழிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. கொதிக்கும் பாலை நாம் ஆற்றுகிறோம். மோரைப் பானையில் வைத்துக் குளிர வைக்கிறோம். ‘காபி ஆறிவிட்டது’ என்றால் சூடு இறங்கி அறையின் வெப்பத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். ‘காபி குளிர்ந்துவிட்டது’ என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. சூழலைவிடச் சூடாக இருக்கும் ஒன்றைச் சூழலின் நிலைக்குக் கொண்டுவருவது ஆற்றுதல். சூழலைவிடக் கீழே கொண்டுபோவது குளிர்வித்தல். வெப்பவியலுக்கு இது மிக முக்கியமான வேறுபாடு. முன்னது தானாகவே நடக்கும். பின்னதற்கு வேலை செய்தாக வேண்டும். ரேடியேட்டரில் ஓடும் நீர்மம் என்ஜினை எவ்வளவுதான் தணித்தாலும் வெளிக்காற்றின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக அதனால் முடியாது. அது ஆற்றுகிறது. ஏசியோ, வெளியே 38 டிகிரி வெயில் அடிக்கும்போது உள்ளே 2 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் ஒரு பொருளைக் கொதிக்க வைத்து, காரின் உட்புறத்தைக் குளிர்விக்கிறது. அதற்காக என்ஜினிடமிருந்து ஆற்றலைப் பெற்று, கம்ப்ரஸர் எனப்படும் ஒரு அமுக்கி சுழல்கிறது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. என்ஜினில் ஓடும் நீர்மத்தை ‘ஆற்று’ என்னும் வினையிலிருந்து பெயரிடலாம். முதலில் ‘ஆற்றுநீர்’ என்று எழுதிப் பார்த்தேன். படிப்பவர் காவிரிக்குப் போய்விடுவார் என்பதால் உடனே அடித்துவிட்டேன். ‘சூடாற்றி’ என்பது தெளிவாக இருக்கிறது. ரேடியேட்டர் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். கிராமத்து டிராக்டர் ஓட்டுநர் வரை அறிந்த சொல் அது. முழுக் கருவிக்கு ‘ஏசி’ என்பதையும், எழுத்துத் தமிழில் ‘குளிர்சாதனம்’ என்பதையும் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் கடினம்.

‘குளிர்வாயு’ என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்குக் காரணம், அது பட்டறையில் வழங்கும் ‘கேஸ்’ என்ற சொல்லின் பிழையைத் தமிழில் நிலைநிறுத்திவிடும் என்பதுதான். அச்சொல்லால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் காரில் ஒரு கோடையில் குளிர் குறைந்தது. முதலில் போன பட்டறையில், “கேஸ் கம்மி சார், அடிச்சுடலாம்” என்றார்கள். அடித்தார்கள், மறு கோடையில் மீண்டும் குறைந்தது. இரண்டாவது பட்டறையில் காலை வேளையில், என்ஜினை ஓட்டாமலே கேஜை மாட்டினார்கள். முள் 95 பிஎஸ்ஐ-யில் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு) நின்றது. “கேஸ் ஃபுல்லா இருக்கு சார், கம்ப்ரஸர்தான் போச்சு” என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்கள். மூன்றாவதாக நான் தேடிப்போன முதிய மெக்கானிக் ஒருவர், உள்ளே இருந்ததை முழுவதும் மீட்பு இயந்திரத்தில் இழுத்து எடைபோட்டார். 450 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 230 கிராம்தான் இருந்தது.

95 பிஎஸ்ஐ காட்டிய அமைப்பில் பாதிதான் இருந்தது என்பது எப்படி? மூடிய ஒரு கலனுக்குள் ஒரு பொருள் நீர்மமாகவும் ஆவியாகவும் சேர்ந்து இருக்கும்வரை அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. என் காரின் ஏசியில் ஓடும் ஆர்-134ஏ என்னும் பொருளுக்கு 30 டிகிரியில் அந்த அழுத்தம் கேஜில் சுமார் 97 பிஎஸ்ஐ. உள்ளே 450 கிராம் இருந்தாலும் அதே அழுத்தம்தான், 230 கிராம் இருந்தாலும் அதே அழுத்தம்தான். கடைசித் துளி நீர்மமும் ஆவியாகித் தீர்ந்த பிறகே முள் இறங்கத் தொடங்கும். நம் வீடுகளில் எல்லோரும் இதை அறிவார்கள். 14.2 கிலோ சமையல் சிலிண்டரில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதை யாரும் அடுப்புச் சுடரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. சிலிண்டரைச் சாய்த்துப் பார்க்கிறார்கள், தூக்கிப் பார்க்கிறார்கள், ஈரத்துணியால் துடைத்து எந்த இடம்வரை ஈரம் தாமதமாகக் காய்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த இரண்டாவது பட்டறையின் மெக்கானிக்கும் வீட்டில் அப்படித்தான் செய்வார். பட்டறையில் மட்டும் ‘கேஸ்’ என்ற சொல் டயர்க் காற்றை நினைவூட்டி, அழுத்தம் இருந்தால் அளவும் இருக்கிறது என்று அவரை நம்ப வைத்துவிடுகிறது. சுற்றின் பாதித் தூரம் நீர்மமாகவே ஓடும் ஒன்றுக்கு வாயு என்று பெயரிட்டால், நாளைக்குத் தமிழில் படித்துவரும் மாணவரும் அதே பிழையைச் செய்வார்.

‘குளிர்பதனப் பொருள்’ பிழையற்ற தொடர்தான். ஆனால் கையேட்டின் ஒரே பக்கத்தில் பதினைந்து இடங்களில் வரும் சொல் அது. அதிலிருந்து ‘குளிர்பதனப் பொருள் கசிவு கண்டறி கருவி’ என்று கூட்டுச்சொற்களைக் கட்டத் தொடங்கினால் வாசகர் மூச்சு வாங்குவார். பதனம் என்பது கெடாமல் காப்பதைக் குறிக்கும். உணவுப் பெட்டிக்குப் பொருந்துகிற அளவுக்குக் காருக்கு அது பொருந்தவில்லை. இலங்கைத் தமிழில் ‘நோய்க்காவி’ என்ற சொல் வழங்குவதைக் கொண்டு ‘வெப்பக்காவி’ என்றும் எண்ணிப் பார்த்தேன். செயலைச் சரியாகச் சொல்லும் நல்ல சொல். மனம் அதில் சில நாள் தங்கியிருந்தது. ஆனால் சூடாற்றியும் வெப்பத்தைக் காவுகிறதே! நாம் பிரிக்க நினைத்த இரண்டையும் அது மறுபடி ஒன்றாக்கிவிடும்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘குளிர்மம்’. திண்மம், நீர்மம், வளிமம் என்று பள்ளியிலேயே பழகிய சொற்களின் அமைப்பு இதற்கும் இருக்கிறது. நிலை எது என்று சொல் தீர்ப்புக் கூறவில்லை. அதனால் ‘நீர்ம நிலைக் குளிர்மம்’, ‘ஆவி நிலைக் குளிர்மம்’ என்று இரண்டையும் முரணின்றி எழுத முடிகிறது. குளிர்மக் கசிவு, குளிர்மக் குழாய், குளிர்ம மீட்பு, குளிர்ம எண்ணெய் என்று கூட்டுச்சொற்கள் தடையின்றிப் பிறக்கின்றன. திண்மம், நீர்மம் போல இதுவும் ஒரு பருநிலையின் பெயர் என்று மாணவர் மயங்கக்கூடும் என்று நண்பர் ஒருவர் தனிமடலில் எச்சரித்தார். நியாயமான ஐயம். ஆனால் முதல் வரையறையிலேயே தீர்ந்துவிடும் மயக்கம் அது. ரேடியேட்டர் மூடியைத் திறக்க வைக்கும் மயக்கத்தோடு அதை ஒப்பிட முடியாது.

வகைகளின் பெயரை நாம் தொட வேண்டாம். ஆர்-12, ஆர்-134ஏ, ஆர்-1234ஒய்எஃப் என்பவை சிலிண்டரிலும் முன்மூடியின் அடியில் ஒட்டிய தாளிலும் இருக்கும் குறியீடுகள். அவை ஒன்றோடொன்று கலக்கக் கூடாதவை. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையால் ஆர்-12 விலகியது. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடவில்லை என்றாலும் புவியைச் சூடாக்கும் திறனில் கார்பன் டை ஆக்சைடைப் போல் 1430 மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்களில் அதை விலக்கியது. அங்கே இடம்பிடித்த ஆர்-1234ஒய்எஃப் எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றக் கூடியது. ‘கேஸ்’ என்று பொதுவாகச் சொல்லும்போது இவையெல்லாம் ஒன்றாகிவிடுகின்றன என்பது அச்சொல்லின் இன்னொரு குறை.

அடுத்தது வினைச்சொற்கள். பெயர்ச்சொற்களைவிட இவற்றில்தான் நாம் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மெக்கானிக்கின் கை கேட்பது வினைச்சொல்லைத்தான். ‘கேஸ் அடிப்பது’ என்ற வழக்கை ‘நிரப்புதல்’ என்று எழுதினோம். நிரப்புதல் என்றால் விளிம்புவரை. குளிர்மத்துக்கு விளிம்பு கிடையாது. தாளில் எழுதியிருக்கும் கிராம் கணக்குத்தான் உண்டு. கூடினாலும் குளிர் குறையும்: ஆவி நீர்மமாக மாறும் உறுப்பான ஒடுக்கியில் (கண்டென்சர்) நீர்மம் தேங்கி, ஆவி ஒடுங்குவதற்கான இடம் சுருங்கி, அழுத்தம் ஏறும். ஆகவே ‘அளந்தேற்றல்’ என்று எழுதப் பரிந்துரைக்கிறேன். எடைத்தராசு இல்லாமல் செய்ய முடியாத வேலை என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதற்கு ‘வெளியேற்றல்’ என்று வரைவில் இருந்தது, அதையும் நீக்குகிறேன். வெளியேற்று என்று எழுதினால் காற்றில் திறந்துவிடுவார்கள். 450 கிராம் ஆர்-134ஏ-வைத் திறந்துவிடுவது, மேலே சொன்ன கணக்கின்படி ஏறத்தாழ 640 கிலோ கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் விடுவதற்குச் சமம். ‘மீட்டல்’ என்று எழுதினால் எதில் மீட்பது என்ற கேள்வி வரும். இயந்திரமும் சிலிண்டரும் வரும்.

‘வேக்யூம் போடுதல்’ என்பதற்கு ‘காற்றகற்றல்’ என்று பரிந்துரைத்த நண்பரிடம் ஒரு மாற்றுக் கருத்து. அந்த வேலையின் பாதி நோக்கம் காற்றை அகற்றுவது. மறுபாதி ஈரத்தை அகற்றுவது. 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அழுத்தம் வளிமண்டலத்தின் 24-இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டும். பம்பை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் காற்று பெரும்பாலும் போயிருக்கும், ஈரம் அங்கேயே இருக்கும். ‘காற்றகற்றல்’ என்று படித்தவர் ஐந்து நிமிடத்தில் நிறுத்துவதில் வியப்பில்லை. ‘வெற்றிடமாக்கல்’ என்பதே இருக்கட்டும்.

உறுப்புகளின் பெயர்களில் பெரிய சிக்கல் இல்லை. அமுக்கி, குளிர்மம் கொதித்து ஆவியாகும் உறுப்பான ஆவியாக்கி இரண்டும் ஏற்கெனவே நிலைபெற்ற பெயர்கள். கண்டென்சர் என்பதை ஒரு மொழிபெயர்ப்பில் ‘மின்தேக்கி’ என்று கண்டேன்; மின்விசிறியில் இருக்கும் கண்டென்சரோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் ஆவி நீர்மமாவதை ஒடுங்கல் என்பார்கள். அதன்படி ‘ஒடுக்கி’ என்று வைத்துக்கொள்வோம். ஒடுக்கி செய்வதும் ஆற்றுதல்தான் என்பதைக் கவனியுங்கள்: ஏறத்தாழ 55 முதல் 60 டிகிரியில் ஒடுங்கும் குளிர்மத்தின் வெப்பத்தை வெளிக்காற்று வாங்கிச் செல்கிறது. அதனால்தான் அது ரேடியேட்டருக்கு முன்னால், காற்று முதலில் படும் இடத்தில் இருக்கிறது. கிளட்ச், கேஜ், ரிலே, ஓரிங் ஆகியவற்றை நான் மாற்றவில்லை. கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருளுக்குக் கடைக்காரர் அறியாத பெயரை மாணவருக்குக் கொடுத்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

‘எக்ஸ்பான்ஷன் வால்வு’ மட்டும் தனியே பேசத் தக்கது. வால்வுக்கு ‘ஓரதர்’ என்ற சொல்லை இங்கே சிலர் விரும்புகிறார்கள். ஒரு வழி மட்டுமே விடும் அமைப்புக்கு அது அழகான சொல். ஆனால் இந்த உறுப்பின் வேலை திசையைக் காப்பதில்லை. உயர் அழுத்தத்தில் தேங்கி நிற்கும் நீர்மக் குளிர்மத்தை, மறுபுறம் ஆவியாக்கிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் ஒரு சிறு துளை வழியே விடுவதுதான் அதன் வேலை. ஆவியாக்கியிலிருந்து திரும்பிவரும் ஆவி மிகவும் சூடாக வந்தால் கூடுதலாகத் திறக்கும். குளிர்ந்து வந்தால் மூடிக்கொள்ளும். ஏரிக்கரையில் இந்த வேலையைச் செய்வதற்கு நம்மிடம் நூற்றாண்டுகளாக ஒரு பெயர் இருக்கிறது: மதகு. ஒருபுறம் உயர்ந்து நிற்கும் நீர், மறுபுறம் வயல், நடுவே தேவைக்கேற்ப ஏறி இறங்கும் அடைப்பு. ‘விரிவு மதகு’ என்று சொன்னபோது, என் காரைச் சரிசெய்த அந்த முதியவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “ஆமா தம்பி, மதகு அடைச்சா வயலு காயும்” என்றார். மதகு அடைபட்டால் தாழ்பக்க முள், அதாவது மதகைத் தாண்டி அழுத்தம் குறைந்த ஆவியாக்கிப் பக்கத்தை அளக்கும் கேஜ் முள், தரையைத் தொடும் என்பதை நான் கையேட்டில் ஒரு பத்தியில் விளக்கியிருந்தேன்.

சொற்கள் சேர்ந்து நடக்கின்றனவா என்று பார்க்க ஒரு பத்தியை அவற்றிலேயே எழுதிப் பார்த்தேன். குழுமத்தார் இதைப் பொறுமையாகப் படித்து, எங்கே இடறுகிறது என்று சொல்ல வேண்டும்.

“அமுக்கி ஓடும்போது தாழ்பக்கம், உயர்பக்கம் இரண்டிலும் அழுத்தம் குறைவாக இருந்தால் குளிர்மம் குறைந்திருக்கிறது என்று கொள்க; அளந்தேற்றுவதற்கு முன் கசிவைக் கண்டறிக. இரண்டிலும் அழுத்தம் மிகுந்திருந்தால், ஒடுக்கியின் விசிறி சுழல்கிறதா, அதன் தகடுகளில் மண் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க. அவை சரியாக இருந்தால் குளிர்மம் மிகுதியாக ஏற்றப்பட்டிருக்கலாம் அல்லது காற்று கலந்திருக்கலாம். தாழ்பக்கம் உயர்ந்தும் உயர்பக்கம் தாழ்ந்தும் இருந்தால் அமுக்கி உள்ளே தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. குளிர் சிறிது நேரம் வந்து, நின்று, மீண்டும் வந்தால் குளிர்மத்தில் கலந்த ஈரம் விரிவு மதகில் பனியாக உறைந்து உருகுகிறது எனலாம். குளிர்மத்தை மீட்டு, ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியை மாற்றி, நீண்ட நேரம் வெற்றிடமாக்குக. அமைப்பு வெற்றிடத்தைத் தாங்கி நின்றதாலேயே கசிவு இல்லை என்று முடிவு செய்யற்க. வெற்றிடத்தில் வெளியிலிருந்து அழுத்துவது சுமார் 15 பிஎஸ்ஐ மட்டுமே, ஓடும்போது உயர்பக்கத்தில் உள்ளிருந்து அழுத்துவதோ 200-க்கும் மேல். ஐயமிருந்தால் நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்க.”

என் கார் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்காக: ஒடுக்கியின் கீழ்மூலையில், எண்ணெய்ப் பசையோடு தூசி அப்பியிருந்த ஒரு விரற்கடை இடத்தை அந்த முதியவர் முதலில் கண்ணால் பார்த்தே சுட்டிக்காட்டினார், சாயம் ஏற்றிப் புறஊதா விளக்கு அடித்தபோது அதே இடம் பச்சையாக ஒளிர்ந்தது. குளிர்மத்தோடு சேர்ந்தே எண்ணெய் ஓடுவதால் கசியும் இடத்தில் எண்ணெய் தங்கும். ஒடுக்கி, உலர்த்தி, ஓரிங்குகள் மாற்றப்பட்டன; குறைந்த எண்ணெய் ஈடுசெய்யப்பட்டது; 45 நிமிடம் வெற்றிடமாக்கி, 450 கிராம் அளந்தேற்றினார். பழைய அமுக்கியே இன்றும் ஓடுகிறது. காற்றுவாயில் வைத்த வெப்பமானி 8 டிகிரி காட்டியது.

இன்னும் ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை. ஆவியாக்கியில் குளிர்மம் முழுதும் ஆவியான பிறகு, அதே அழுத்தத்தில் அது மேற்கொண்டு பெறும் சூட்டை, அதாவது ‘சூப்பர்ஹீட்’ என்பதை, ‘மிகைச்சூடு’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். மிகை என்றதும் வேண்டாதது என்ற எண்ணம் வருகிறது; ஆனால் சில டிகிரி மிகைச்சூடு இல்லாவிட்டால் நீர்மத் துளி அமுக்கிக்குள் போய் அதை உடைத்துவிடும். அது வேண்டிய சூடு, காவல் நிற்கும் சூடு. யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் உள்ள நண்பர்கள், தங்கள் ஊர்ப் பட்டறைகளிலோ பாடநூல்களிலோ இதற்குச் சொல் வழங்கினால் தெரிவியுங்கள். நான்காம் இயலை அதுவரை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்